காட்டுக்குள் படுக்கை எதற்கு?

கோடை விடுமுறையில் கோவையையும் நீலகிரியையும் சேர்த்து நாலைந்து நாள் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்துவிட்டால், போகும் இடங்களைப் பற்றிப் பெரிய சண்டை வருவதில்லை. மலை ரயில், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, முதுமலை, திரும்பும் வழியில் மருதமலை என்று பட்டியல் தானாகவே அமைந்துவிடும். சண்டை வருவது தங்கும் இடத்தில்தான். தாத்தாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. பாட்டிக்கு விடிகாலையில் வெந்நீர் வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட இடமும் வைஃபையும் வேண்டும். வண்டி ஓட்டுகிறவருக்கு அதை நிறுத்த இடம் வேண்டும். இந்த இழுபறிக்கு நடுவே செல்பேசியில் ஒரு படம் வந்து விழுகிறது. மூங்கில் காட்டுக்குள் ஒரு மரக் குடில், வாசலில் எரியும் கேம்ப் ஃபயர், கீழே ‘பால்கனியில் உட்கார்ந்தபடியே யானை பார்க்கலாம்’ என்று ஒரு வரி. அத்தோடு விவாதம் முடிந்து முன்பணமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அந்த வரிக்கு மயங்க வேண்டாம் என்பதே என் கட்சி. நகரமும் இயற்கையும் சேர்ந்த பயணத்தில் குடும்பம் இரவில் ஊரில் தங்க வேண்டும். காட்டுக்குப் பகலில் போய்வர வேண்டும். காட்டுக்காகக் குடும்பம் தன் ஆசையைத் துறக்க வேண்டும் என்று உபதேசம் செய்ய வரவில்லை. குடும்பத்தின் வசதியைக் கணக்குப் பார்த்தாலும் காட்டின் தேவையைக் கணக்குப் பார்த்தாலும் விடை ஒன்றாகவே வருகிறது. சுற்றுலாவில் இந்த இரண்டும் ஒத்துப்போகும் விஷயங்கள் குறைவு என்பதால், ஒத்துப்போகும் இடத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

முதலில் குடும்பத்தின் கணக்கு. மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கிறவர் ஏமாந்துபோவார். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் 35 கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து குன்னூர் ஏறக்குறைய 33. குன்னூரிலிருந்து ஊட்டி இன்னும் 19. கோவையில் 400 மீட்டர் உயரத்தில் காலைப் பலகாரம் சாப்பிட்டவர் மதியச் சாப்பாட்டுக்குள் 2,200 மீட்டரைத் தாண்டிவிடுகிறார். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக, காட்டோர ரிசார்ட்டுகள் இருக்கும் மசினகுடி வெறும் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் எண் போட்டு நிற்கின்றன. பின் இருக்கையில் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபடி வரும் குழந்தைக்கு ஒவ்வொரு எண்ணும் ஒரு சோதனை. கூடலூர் வழியாகச் சுற்றி வந்தால் வளைவு குறையும், தூரம் இரண்டு மடங்கைத் தாண்டும். குடும்பம் நீலகிரியில் பார்க்க நினைக்கும் இடங்களில் பெரும்பாலானவை மலைக்கு மேலே இருக்கின்றன. முதுமலையும் தெப்பக்காடு யானை முகாமும் மட்டுமே கீழே, வடக்கில். கீழே படுத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டியவற்றைப் பார்க்க முயலும் குடும்பம், தினமும் நான்கு மணி நேரத்தை வண்டிக்குள்ளேயே கழிக்கும். பால்கனியிலிருந்து யானை பார்ப்பதற்குக் கொடுத்த வாடகை, அந்தப் பால்கனியில் உட்கார நேரமில்லாத பயணத்துக்குப் போய்விடுகிறது.

பயணத்தில் யாரும் திட்டம் போடாத நேரம் ஒன்று உண்டு: மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. குழந்தைகள் தூங்குவதற்கு முன்னான அந்த மூன்று மணி நேரத்தைத் தங்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. குன்னூரிலோ கோத்தகிரியிலோ கடைவீதிக்குப் பக்கத்தில் அறை இருந்தால், ஒருவர் பேக்கரிக்கு வர்க்கி வாங்கப் போகலாம். இன்னொருவர் மருந்துக் கடைக்குப் போகலாம். தாத்தா அறையில் படுத்துக்கொள்ள மற்றவர்கள் மெஸ்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டு அவருக்குப் பார்சல் வாங்கி வரலாம். குடும்பம் கொஞ்ச நேரம் பிரிந்திருக்க முடியும் என்பது சாதாரண வசதியில்லை. காட்டோரத்து ரிசார்ட்டில் இருட்டியதும் வாசலைத் தாண்டக் கூடாது; அந்த விதி நியாயமானதும்கூட. எனவே குடும்பத்தில் எல்லோரும் ஓர் அறையிலோ, ஒலிபெருக்கி அலறும் கேம்ப் ஃபயரைச் சுற்றியோதான் இருந்தாக வேண்டும். சாப்பாடு அவர்கள் போடுவதுதான், விலையும் அவர்கள் சொல்வதுதான். நள்ளிரவில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் மசினகுடியில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த 36 வளைவுகளையும் ஏறிக் கடக்க வேண்டும், இல்லையென்றால் காட்டு வழியே கூடலூர் போக வேண்டும். குன்னூரில் தங்கியிருந்தால் லாலி அரசு மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அறையின் படத்தைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

இனி காட்டின் கணக்கு. இதைப் புரிந்துகொள்ள, மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெற்கே செங்குத்தாக எழும் நீலகிரியின் வடக்குச் சரிவு. வடக்கே மோயாறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மேட்டு நிலம்தான் சீகூர். மேற்கே முதுமலை, கிழக்கே சத்தியமங்கலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலையின் காட்டுக்கு யானைக் கூட்டங்கள் போய்வர அந்த மேட்டு நிலமே வழி. யானை மலைச் சுவரில் ஏறிவிடாது, பள்ளத்தாக்கில் குதித்துவிடாது. பகல் வெயிலில் நிழல் பார்த்து ஒதுங்கி, பொழுது சாய்ந்ததும் தண்ணீரையும் மேய்ச்சலையும் தேடி நடக்கும். ஒரு யானை ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும் என்பதால் அந்த நடை அதற்குப் பிழைப்பு. அது நடக்கும் நேரமும் நம் கேம்ப் ஃபயர் எரியும் நேரமும் ஒன்று. அது நடக்கும் வழியில்தான் ரிசார்ட்டுகள் முள்வேலியும் மின்வேலியும் போட்டன.

இது சூழலியலாளர்களின் மிகைக் கூற்று என்று ஒதுக்க முடியாது. நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் நின்ற விஷயம். தமிழ்நாடு அரசு 2010இல் இங்கே யானை வழித்தடத்தை அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அதைச் சரியென்றது. ரிசார்ட் உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2018 ஆகஸ்டில், உச்ச நீதிமன்ற ஆணைப்படி பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று வந்த தீர்ப்பில் வழித்தட அறிவிப்பு உறுதி செய்யப்பட்டு, உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பத்து ஆண்டு வழக்கின் மையம் வேறொன்றுமில்லை, விருந்தினர் படுக்கைதான். பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களை எதிர்த்து நடந்த வழக்கு இல்லை இது.

படுக்கை வந்தால் அதற்குப் பின்னால் என்னென்ன வரும் என்பதை மசினகுடிக்காரர்கள் எல்லோரும் அறிந்த ஒரு யானையின் கதையே சொல்லிவிடும். துதிக்கையில் காயம்பட்ட ஆண் யானை அது. ரிவால்டோ என்று பெயர் வைத்திருந்தார்கள். காயத்துக்கு இரங்கிப் பழம் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு வருகிறவர்கள் பார்ப்பதற்காகவும் கொடுத்தார்கள். யானை வாழைத்தோட்டம் பகுதியையே சுற்றிக்கொண்டு, மனிதரைக் கண்டால் விலகாமல் நெருங்கி வரும் பழக்கத்துக்கு ஆளானது. 2021 மே மாதம் வனத்துறை அதைப் பிடித்து மரக்கூண்டில் அடைத்தது. ஆகஸ்டில் காட்டுக்குள் தொலைவில் கொண்டுபோய் விட்டது. விட்ட வேகத்தில் அது பழைய இடத்தை நோக்கித் திரும்பி நடந்தது. அதே ஆண்டு ஜனவரியில் அதே மசினகுடியில் இன்னொரு யானைக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. தனியார் விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானையின் மீது எரியும் டயரை வீசினார்கள். அது தலையில் தீயோடு பிளிறிக்கொண்டு இருட்டுக்குள் ஓடும் காட்சியைச் செல்பேசிக் காணொளியில் நாடே பார்த்தது. யானை செத்தது, விடுதியோடு தொடர்புடையவர்கள் கைதானார்கள். ஒன்றில் அன்பு, மற்றொன்றில் வன்மம். இரண்டும் நடந்தது, யானையின் வழியில் மனிதர்கள் இரவு தங்கியதால்.

ஆபத்து யானைக்கு மட்டுமில்லை. டயர் வீச்சுக் காணொளி வெளியான அதே வாரத்தில், நீலகிரியை ஒட்டிய வயநாட்டில், மேப்பாடி அருகே ஒரு ரிசார்ட்டின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவரைக் காட்டு யானை தாக்கிக் கொன்றது. ‘இயற்கையின் மடியில்’ என்று விற்கப்படும் கூடாரம் ஒரு துணி மட்டுமே. விடுதி நடத்துகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், யானைக்கும் அந்தத் துணிக்கும் நடுவே அவரால் வைக்கக்கூடியது ஒரு மின்வேலிதான். அதையும் வைத்தால் யானையின் வழி அடைபடுகிறது. இதில் நடுவழி கிடையாது.

இரவுப் பயணத்தைப் பொறுத்தவரை அரசும் நீதிமன்றங்களும் இந்த நியாயத்தை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. பந்திப்பூர் வழியாக மைசூருக்குப் போகும் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவாகப் போக்குவரத்து இல்லை. சத்தியமங்கலம் காட்டின் திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுத் தடை இருக்கிறது. காட்டு வழியே நில்லாமல் போகும் லாரியையே இரவில் நிறுத்திவைக்கும்போது, அதே காட்டின் ஓரத்தில் விளக்கும் பாட்டுமாக விடிய விடிய உட்கார்ந்திருப்பது எப்படிப் பொருந்தும்? போதாக்குறைக்கு, ‘நைட் சஃபாரி’ என்று ஜீப்பில் ஏற்றிப்போகிறவர்கள் வேறு. வனத்துறை அதை அனுமதிப்பதில்லை. பிடிபட்டால் அபராதம் ஓட்டுநருக்கு மட்டும் என்று நினைத்து ஏறுகிறவர்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு குற்றத்துக்குத் துணைபோகிறோம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

சரி, எங்கே தங்குவது? என் முதல் தேர்வு குன்னூர். 1,850 மீட்டர் உயரம். ஊட்டியின் குளிர் முதியவர்களை வாட்டும். இங்கே அவ்வளவு இல்லை. ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. மலை ரயிலைப் பொறுத்தவரை குன்னூரில் தங்குவதன் லாபம் பலருக்குத் தெரிவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். காலை ஏழு மணி தாண்டிப் புறப்படும் வண்டி ஊட்டி போய்ச் சேர மதியம் ஆகிவிடும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் நீராவி வண்டி; யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் டிக்கெட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், ஆனால் சீசனில் கிடைப்பது குதிரைக்கொம்பு. குன்னூரிலிருந்து ஊட்டி வரையிலான டீசல் வண்டியோ ஒரு நாளைக்குப் பலமுறை ஓடுகிறது. பயணம் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு சின்ன நிலையமும் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை. காலையில் ரயிலில் ஊட்டி போய், பூங்காவைப் பார்த்து, மாலையில் பேருந்தில் திரும்பிவிடலாம். ஊரிலேயே 1874இல் அமைந்த சிம்ஸ் பூங்கா இருக்கிறது. அதன் பெரிய மரங்களுக்கு நடுவே நடப்பது, சீசனில் ஊட்டித் தாவரவியல் பூங்காவின் கூட்டத்தில் நசுங்குவதைவிட எவ்வளவோ மேல்.

காட்டை நேசிக்கிற குடும்பமாக இருந்தால் கோத்தகிரி. இந்தச் சின்ன ஊருக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர் பரப்புள்ள மலைச் சோலைக்காடு. சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தரும் காடு. 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. ஊரில் தங்கிக் காலையில் ஆட்டோ பிடித்து, வனத்துறை அனுமதிப்படி போய் நின்றால், பாசி படர்ந்த மரங்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகளின் குரலும் கிடைக்கும். யானை இருக்காது. ஆனால் நீலகிரியின் உச்சிப்பகுதிகளுக்கே உரிய காடு இதுதான். தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் முன்னால் இந்த மலைகளின் மடிப்புகளில் இருந்தது இந்தச் சோலையும் புல்வெளியுமே. நீலகிரி என்றால் தேயிலைத் தோட்டம் என்று நினைத்து வளரும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிட்டால் அந்தப் பயணம் வீண்போகவில்லை என்பேன்.

கோவையில் ஓர் இரவாவது தங்குவது நல்லது. அதை வெறும் ரயில் இறங்கும் ஊராக நடத்துவதுதான் வழக்கம். 1902இல் தொடங்கிய கேஸ் வன அருங்காட்சியகம், வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்கா, பறவைகள் வந்திறங்கும் சிங்காநல்லூர்க் குளம், பேரூர்க் கோயில் எல்லாம் நகரப் பேருந்து போகும் தூரம். சிறுவாணி மலையடிவாரத்தில் இருக்கும் கோவைக் குற்றாலத்துக்கு வனத்துறை பகலில் மட்டுமே ஆள் விடுகிறது. அதுவே நான் சொல்லும் முறைக்கு நல்ல முன்மாதிரி. டிக்கெட் எடு, வனத்துறை வண்டியில் போ, குளி, பொழுதோடு வெளியே வா. முதுமலைக்கு வேண்டுமானால் குன்னூரிலிருந்து போய்வருவது நெடும்பயணம் என்பதை மறைக்கவில்லை. மைசூருக்கோ பெங்களூருக்கோ போகிற குடும்பம் வழியில் தெப்பக்காட்டில் இறங்கி வனத்துறையின் வேனில் ஒரு சுற்று போய்வரலாம். இல்லையென்றால் பேருந்து பணிமனையும் ஆஸ்பத்திரியும் உள்ள கூடலூரில் ஓர் இரவு தங்கலாம். கூடலூரிலும் யானை ஊருக்குள் வருகிறதே என்றால், வருகிறது. குன்னூர் தெருக்களில் காட்டெருமையும் கோத்தகிரித் தோட்டங்களில் கரடியும் திரிவதும் உண்மைதான். மலையில் முழுக்கப் பத்திரமான ஊர் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஏற்கெனவே இருக்கிற ஊருக்குள் ஓர் அறை எடுப்பதும், யானையின் வழியில் புதிதாக ஓர் ஊரை உண்டாக்குவதும் ஒன்றாகிவிடாது.

மறுப்புகள் பல வரும். காட்டின் இரவும் விடியலும் தரும் அனுபவத்தை ஊர் தருமா என்ற கேள்வி அவற்றில் நேர்மையானது. தராது. தவளைகளும் சில்வண்டுகளும் நிறைக்கும் இருட்டு கடைவீதி லாட்ஜில் கிடைக்காது. அந்த அனுபவத்தை உண்மையிலேயே விரும்புகிறவர்களுக்கு வனத்துறையே நடத்தும் தங்குமிடங்கள் இருக்கின்றன. தெப்பக்காட்டிலும் ஆனைமலையின் டாப்ஸ்லிப்பிலும் முன்பதிவு செய்யலாம். அறைகள் குறைவு, வசதி சுமார். பாட்டு கிடையாது, மது கிடையாது, இருட்டியபின் வெளியே நடமாட்டம் கிடையாது. இந்தக் கட்டுப்பாடுகளுக்குச் சம்மதிக்கிறவர் காட்டின் இரவைத் தேடுகிறார். சம்மதிக்காதவர் தேடுவது நீச்சல் குளத்தையும், பின்னணியில் தொங்கும் ஒரு காட்டையும். பின்னவருக்குக் கோவை நகரிலேயே நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன.

உள்ளூர் மக்களின் பிழைப்பு என்ன ஆவது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறவரும் விடுதியில் சமைக்கிற பெண்ணும் யானைக்கு எதிரிகள் இல்லை. நீலகிரிக்கு வரும் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வைத்த கட்டுப்பாட்டை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தியதற்குப் பின்னால் நியாயமான பயம் இருந்தது. ஆனால் காட்டோரத்துப் பெரிய ரிசார்ட்டில் குடும்பம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அறை வாடகைக்கும் அங்கேயே போடும் சாப்பாட்டுக்கும் போகிறது. அந்தக் குடும்பம் ஊர்க் கடையில் ஒரு டீகூடக் குடிப்பதில்லை. ஊருக்குள் தங்குகிறவர்களின் பணம்தான் மெஸ், பேக்கரி, ஆட்டோ, பழக்கடை என்று பல கைகளுக்குப் போகிறது. பகல் சுற்றுலா ஜீப்பையும் சாப்பாட்டுக் கடையையும் வாழவைக்கும். கிராமத்தின் பழைய குடியிருப்புக்குள், முறையான உரிமத்தோடு தன் வீட்டின் இரண்டு அறைகளை விடுகிற உள்ளூர்க்காரரை நான் இந்த வாதத்தில் சேர்க்கவே இல்லை. அவர் வீடு ஊரில்தான் இருக்கிறது. வழித்தடத்தைப் பாதுகாப்பதன் சுமையை அரசு அவர் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

எல்லோரும் ஊரில் தங்கினால் ஊர் தாங்குமா என்று கேட்கிறவர்களுக்கு நேரான பதில்: ஊட்டி தாங்காது. தண்ணீர்த் தட்டுப்பாடு, குப்பை, மே மாதத்தில் அங்குலம் அங்குலமாக நகரும் வண்டிகள். அதனால்தான் ஊட்டியை என் பட்டியலில் வைக்கவில்லை. இந்த நெரிசலைப் பார்த்துத்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஆணையிட, மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கவனித்துப் பார்த்தால், எண்ணப்படுவது வண்டிகளே. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது. ஊர் தாங்காமல் போவது பெரும்பாலும் வண்டிகளால். அறை எங்கே என்பதை வைத்தே வண்டி வேண்டுமா என்பதும் முடிவாகிறது. காட்டோர ரிசார்ட்டுக்கு வண்டியில்லாமல் போக முடியாது. குன்னூர்ப் பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுத்தவருக்கு வண்டி தேவையே இல்லை. சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் மேட்டுப்பாளையம். மலை ரயிலில் இடம் கிடைக்காவிட்டாலும் நிலையத்துக்கு வெளியே பேருந்து உண்டு. சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடும்போது, சொந்தக் கார் வைத்திருப்பவர் சுற்றும் சுற்றைப் பார்த்தால் பேருந்தின் அருமை தெரியும்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2009 நவம்பரில் நீலகிரியின் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் விடிவதற்குள் புதைந்தன. அந்த ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு வேறு போக்கில்லை. மூன்று நாள் தங்கப் போகிறவருக்கு இருக்கிறது. சரிவை வெட்டிக் கட்டிய கட்டடத்தில், ஓடைக்குப் பக்கத்து அறையில், அடைமழை நாளில் தங்காமல் இருக்கலாம்.

விடுதி பிடிக்கும் செயலிகள் இந்த விவரங்களைச் சொல்வதில்லை. மசினகுடியில் இருப்பதும் கேத்தியில் இருப்பதும் அங்கே ‘ஊட்டி’தான். ‘ஏரியிலிருந்து 4 கி.மீ.’ என்று போட்டிருந்தால் அது பறவை பறக்கும் தூரமாக இருக்கலாம். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு கிடந்தால் சாலையில் அது பல மடங்காகும். எனவே பணம் அனுப்பும் முன் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்: பேருந்து நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை படி, இருட்டியபின் வெளியே நடக்கலாமா, உள்ளாட்சியின் உரிம எண் என்ன. ‘யானை வருமா’ என்று கேட்டுப் பாருங்கள். ‘தினமும் வரும் சார், கியாரண்டி’ என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடமும் ஒரு கோரிக்கை. இ-பாஸ் எடுக்காமல் வெளியூர் வண்டி மலையேற முடியாது என்ற நிலையில், சுற்றுலா வரும் ஒவ்வொரு கார்க் குடும்பமும் அந்த இணையதளத்தைத் தொட்டே தீர வேண்டும். உரிமம் பெற்ற விடுதிகள், ஹோம்ஸ்டேக்களின் பட்டியலை அதே தளத்தில், வட்டம் வாரியாக, யானை வழித்தடத்துக்குள் இருப்பவை எவை என்ற குறிப்போடு, தமிழில் வெளியிட வேண்டும். அடுத்த சீசனுக்கு முன்பே அதைச் செய்துவிட்டால், முன்பணம் கட்டுகிற குடும்பத்துக்குத் தான் எந்த இடத்தில் படுக்கப்போகிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.